அவசரம்: அம்மாவின் சர்க்கரை மெஷினில் எண் சரியாகத் தெரியவில்லை

வெண்பனி
அம்மாவுக்கு மெஷினில் எண் சரியாகத் தெரியவில்லையாம். சில நேரம் எண்ணுக்குப் பதில் எழுத்து வருகிறதாம். வெளியே போனால் திரை மொத்தமும் கருப்பு. பேட்டரி மாற்றியாகிவிட்டது. இந்த வாரம் லோ வேறு ஆகி, அதாவது சர்க்கரை ரொம்ப இறங்கி, வியர்த்துக் கொட்டிவிட்டது. மெஷினை மாற்ற வேண்டுமா? சீக்கிரம் சொல்லுங்கள் ப்ளீஸ்.

தூண்டில்
எந்த மெஷின்? விரலில் குத்திப் பார்க்கும் மீட்டரா, உடலில் மாட்டியபடி இன்சுலின் செலுத்தும் பம்பா, தோலில் ஒட்டிய சென்சாரைப் படிக்கும் ரீடரா? அம்மாவுக்குக் கண்ணில் ஏதாவது சிகிச்சை நடந்ததா? இது தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

மூத்தகுடி
தம்பி, இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்து போய்விட்டது. எழுத்து வந்தால் அது பிழைக் குறியீடு. 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும். ரத்தம் போதவில்லை, அல்லது ரத்தத்துளி வைக்கும் பட்டை, அதுதான் ஸ்ட்ரிப், அதன் டப்பாவைத் திறந்தே வைத்து ஈரம் பட்டுவிட்டது. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பட்டியலே உண்டு. கையேட்டைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இப்போது யாருக்கும் இல்லை, என்ன செய்வது.

கூர்நோக்கு
மெஷினை விடுங்கள், முதலில் கண்ணைப் பாருங்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸே கொஞ்சம் உப்பும், சுருங்கும். பார்வை மங்கும். சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகும் அது நிலைக்கு வரச் சில வாரம் ஆகும். அதற்குள் புதுக் கண்ணாடி போட்டால் வீண். விழித்திரை பாதிப்பு இருந்தால் வேறு கதை. செய்தித்தாளில் கருப்பு மையில் இருப்பதைப் படித்துவிடுவார்கள், ஆனால் சாம்பல் நிறத் திரையில் அதைவிடக் கொஞ்சம் அடர்ந்த சாம்பல் எண் என்றால் தெரியாது. திடீரென்று கரும்புள்ளிகள் மிதப்பது, திரை விழுந்த மாதிரி ஒரு பக்கம் மறைவது இதெல்லாம் இருந்தால் இங்கே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், அன்றே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

வெண்பனி
தம்பி இல்லை சார், தங்கை. இரண்டு மெஷினும்தான். பம்ப் போட்டிருக்கிறார். மீட்டரில் குத்திப் பார்த்து அந்த எண்ணைப் பம்பில் போடுவார். கருப்பாவது பம்ப், எழுத்து வருவது மீட்டர். கண்புரை ஆபரேஷன் முடிந்துவிட்டது. நான் கூட இல்லை, போனில் கேட்டுத்தான் எழுதுகிறேன். கம்பெனி பெயர் அவருக்குத் தெரியவில்லை.

புள்ளிவைத்தவன்
சர்க்கரையைக் காட்டும் அலகு மாறியிருக்கும், பந்தயம் கட்டுகிறேன். மில்லிமோல் கணக்குக்குப் போய்விட்டால் 6.2 என்று வரும். புள்ளி கண்ணில் படாவிட்டால் 62! மில்லிகிராம் கணக்குக்கு 18-ஆல் பெருக்க வேண்டும், அப்படியென்றால் உண்மையில் 112-க்குப் பக்கம். பயந்துபோய் இனிப்பைச் சாப்பிட்டுவிடுவார்கள்.

தூண்டில்
அது நடந்தால் சர்க்கரை ஏறும் ஐயா, இங்கே இறங்கியிருக்கிறது. திசையே வேறு. அதுவும் இப்போதைய மீட்டர்கள் பலவற்றில் அலகை நாமாக மாற்றவே முடியாது.
வெண்பனி, அம்மாவிடம் நான்கு விஷயம் கேளுங்கள். ஒன்று, வெளியே போகும்போது கூலிங் கிளாஸ் போடுகிறாரா. இரண்டு, எழுத்து என்றால் என்னென்ன எழுத்து, அப்படியே சொல்லச் சொல்லுங்கள். மூன்று, மீட்டர் புதிதா. நான்கு, மீட்டரை ஆன் செய்ததும் எல்லாக் கோடுகளும் எரிந்து 888 மாதிரி ஒரு நொடி வரும், அதில் எங்காவது கோடு விட்டுப் போயிருக்கிறதா. ஒரு கோடு செத்தாலே 8 என்பது 6, 9, 0 எதுவாகவும் தெரியும்.

அரைவட்டம்
கூலிங் கிளாஸ் என்றால் பம்ப் விஷயம் முடிந்தது. எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஒரே திசையில் அதிரும். போலரைஸ்டு கண்ணாடியும் ஒரு திசை ஒளியைத்தான் விடும். இரண்டும் குறுக்கே அமைந்தால் திரை கருப்பு. பம்பைக் கையில் வைத்துக் கால் வட்டம் திருப்பினால் எண் வந்துவிடும். வெயிலால் வரும் பிரச்சினை வேறு மாதிரி: பின்விளக்கு உள்ள கலர் திரை வெயிலில் வெளிறிப் போகும், கருப்பாகாது.

நிறப்பித்து
இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? எண்ணே படிக்கத் தேவையில்லாத மீட்டர் வாங்கிக் கொடுங்கள். கலரைப் பார்த்தால் போதும். சிவப்பு என்றால் ஆபத்து, பச்சை என்றால் சரி.

தூண்டில்
எந்த ஆபத்து? கான்டூர் நெக்ஸ்ட் ஒன் மீட்டரில் சிவப்பு விளக்கு என்றால் இறங்கியிருக்கிறது, மஞ்சள் என்றால் ஏறியிருக்கிறது. ஒன்டச் வெரியோ ஃப்ளெக்ஸில் சிவப்பு என்றால் ஏறியிருக்கிறது, நீலம்தான் இறக்கம். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறினால் சர்க்கரை சாப்பிட வேண்டியவர் இன்சுலின் போட்டுக்கொள்வார்.

நிறப்பித்து
வாங்கும்போதே சொல்லிக் கொடுத்தால் போதுமே. கலரும் எண்ணும் சேர்ந்தேதான் வருகின்றன.

கூர்நோக்கு
எண் தெரியாதவருக்குத்தானே கலர் என்றீர்கள்? நீரிழிவால் நீலம், மஞ்சள் பக்கத்து நிற வேறுபாடு மங்குவதும் உண்டு. கலரை மட்டும் நம்பி இன்சுலின் அளவை முடிவு செய்யக் கூடாது.

மூத்தகுடி
பழைய கருப்பு வெள்ளைத் திரையே மேல். வெயில் பட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். கலர் எல்லாம் கடைக்காரனுக்கு லாபம்.

நிறப்பித்து
இரவில் விளக்கில்லாமல் உங்கள் கருப்பு வெள்ளையைப் படித்துக் காட்டுங்கள் பார்க்கலாம்.

வெண்பனி
கேட்டேன். கூலிங் கிளாஸ் ஆமாம், ஆபரேஷனுக்குப் பிறகு போடுகிறார். 888 சரியாக வருகிறது. மீட்டர் புதுசுதான். பழையதில் ஸ்ட்ரிப் மேலே செருகுவது, இதில் கீழே. நேற்று 'ஈ ஈ 1' வந்ததாம். அதற்கு முன்னால் 211, அதை இறக்கக் கரெக்ஷன், அதாவது கூடுதல் இன்சுலின், போட்டார், அன்றைக்குத்தான் லோ ஆனது.

மூத்தகுடி
நான் சொன்னேனே, பிழைக் குறியீடு.

அரைவட்டம்
இரண்டு 'ஈ' சேர்ந்து வரும் குறியீடு எந்தக் கையேட்டில் இருக்கிறது, காட்டுங்கள்.
அம்மா மீட்டரைத் தலைகீழாகப் பிடிக்கிறார்! பழைய பழக்கத்தில் ஸ்ட்ரிப் இருக்கும் பக்கத்தை மேலே வைக்கிறார். இந்தக் கோட்டு எண்களில் 3-ஐக் கவிழ்த்தால் 'ஈ', 4 'ஹெச்' மாதிரி, 7 'எல்' மாதிரி. அப்படியென்றால் 'ஈ ஈ 1' என்பது 133. எழுத்து வரும் நாளில் தப்பு தெரிந்துவிடுகிறது, அதனால் பிரச்சினை இல்லை. 0, 1, 2, 5, 8 கவிழ்ந்தாலும் அதே எண்தான், 6-உம் 9-உம் ஒன்றுக்கொன்று மாறிக்கொள்ளும். அங்கேதான் வம்பு. 112 கவிழ்ந்தால் 211. 59 கவிழ்ந்தால் 65. மிகக் குறைவு என்பதற்கு வரும் 'லோ' கூட 07 மாதிரி தெரியும். பக்கத்தில் அலகு தலைகீழாக இருக்கும், ஆனால் அந்தப் பொடி எழுத்து யார் கண்ணில் படப் போகிறது?
மீட்டரின் மெமரியைத் திறந்து, நேராகப் பிடித்து, அவர் நோட்டில் எழுதியதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். 112-க்குப் பதில் 211 போட்டால் வித்தியாசம் 99. ஒரு யூனிட்டுக்கு 50 இறங்கும் என்று பம்பில் அமைத்திருந்தால் கிட்டத்தட்ட 2 யூனிட் அதிகம் போயிருக்கும்.

மூத்தகுடி
தலைகீழாகப் பிடிக்கும் அளவுக்கு யாரும் விவரம் இல்லாதவர்கள் இல்லை.

கூர்நோக்கு
விவரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மங்கலான திரையில் பெரிய எண் மட்டும்தான் தெரியும். மேல் எது கீழ் எது என்று சொல்ல வேறு எதுவும் தெரியாது.

வெண்பனி
மெமரியில் 112. நோட்டில் 211. கண்ணாடியைக் கழற்றினால் பம்பும் தெரிகிறது. டாக்டருக்குப் போன் போடுகிறேன். நன்றி எல்லோருக்கும்.

தூண்டில்
நல்லது. டாக்டர் பேசும்வரை சந்தேகமான எண்ணுக்குக் கரெக்ஷன் போட வேண்டாம், கையைக் கழுவி இன்னொரு முறை குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டரின் மேல் விளிம்பில் தடவினால் தெரிகிற மாதிரி ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். போனுக்கு எண்ணை அனுப்பும் மீட்டரா என்றும் பாருங்கள். அப்படியானால் போனில் திரையை வாசிக்கும் டாக்பேக் அல்லது வாய்ஸ்ஓவர் வசதி அதை வாசித்துவிடும். எண்ணைத் தானே வாய்விட்டுச் சொல்லும் மீட்டர்களும் இருக்கின்றன. பம்பில் ஒரே தடவையில் போகக்கூடிய இன்சுலின் அளவுக்கு, அதாவது போலஸுக்கு, உச்ச வரம்பு அமைப்பு உண்டு, அது எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

நிறப்பித்து
கலர் விளக்கு இருந்திருந்தால் 112-க்குப் பச்சைதான் எரிந்திருக்கும், எப்படிப் பிடித்தாலும். அதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

தூண்டில்
இந்த ஒரு விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். சிவப்புக்கு இல்லை, அது மீட்டருக்கு மீட்டர் மாறும்.