ஆர்கேட் ரேஸில் டிரிஃப்ட் வரவில்லை, கேமும் கடையில் இல்லை

கேள்வி:
நிஜமாக ஓட்டுவது போலவே இருக்கும் சிமுலேஷன் கேம்களிலேயே ஓட்டிப் பழகியவன். இப்போது ரிட்ஜ் ரேசர் என்ற ஆர்கேட் கார் ரேஸ் கேம் பக்கம் வந்தால் வளைவில் பிரேக் பிடித்ததும் வேகம் செத்துப்போகிறது, மற்றவர்கள் எப்படி டிரிஃப்ட் செய்து, அதாவது பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகிறார்கள்? அப்புறம் ஃபோர்ஸா ஹொரைசன் 4 என்ற ரேஸ் கேமை வாங்கலாம் என்று தேடினால் ஆன்லைன் ஸ்டோரிலேயே காணோம், ஏன்?

பதில் 1:
ரிட்ஜ் ரேசரில் பிரேக்கை மறந்துவிடுங்கள். வளைவு வரும்போது ஆக்ஸிலரேட்டரை ஒரு கணம் விட்டு, திருப்பி, உடனே மறுபடி அழுத்தினால் பின்பக்கம் விலகி டிரிஃப்ட் ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு பெரும்பாலும் கேமே காரை வளைவோடு இழுத்துக்கொண்டு போகும், வெளியே வரும்போது மூக்கை நேராக்கினால் போதும். பர்ன்அவுட் என்ற இன்னொரு ஆர்கேட் ரேஸ் கேமில் பிரேக்கை லேசாகத் தட்டினாலே இது நடக்கும். டயர் பிடிமானத்தைக் கணக்குப் போட்டு ஓட்டும் பழக்கம் இங்கே உதவாது.

பதில் 2:
எல்லாம் உரிமம்தான். காரின் பெயர், வடிவம், பின்னணிப் பாட்டு என்று எல்லாவற்றுக்கும் காலக்கெடு வைத்துத்தான் ஒப்பந்தம் போடுகிறார்கள், அது முடிந்தால் விற்பனையும் நின்றுவிடும். ஹொரைசன் 4 அப்படித்தான் 2024 டிசம்பரில் போனது. முன்பே வாங்கியவர்கள் விளையாடலாம். போர்ஷே உரிமம் பல வருடம் இஏ என்ற கேம் நிறுவனத்தின் கையில் இருந்ததால் மற்ற கேம்கள் போர்ஷேவை அடிப்படையாக வைத்துச் செய்யப்படும் ரூஃப் கார்களை வைத்து ஒப்பேற்றின.

பதில் 3:
அதனால்தான் எனக்குக் கற்பனைக் கார்கள் பிடிக்கும். நிஜ கார் என்றால் அது நொறுங்குவதைக் காட்ட நிறுவனங்கள் தயங்கும். கற்பனைக் கார்களோடு 2008-இல் வந்த பர்ன்அவுட் பாரடைஸில் முன்பக்கம் மடிந்து கண்ணாடி சிதறுவதை மெதுவாகவே காட்டுவார்கள், 2018-இல் மெருகேற்றியும் வெளியிட்டார்கள். ஹொரைசன் 4 வேண்டும் என்றால் எக்ஸ்பாக்ஸ் டிஸ்க்காகத் தேடுங்கள்.