‘லெட்டர் ஃப்ரம் அன் அன்நோன் வுமன்’: மூலக் குறுநாவல் தமிழில் இருக்கிறதா?

நண்பர்களே, ஓர் உதவி.

மாக்ஸ் ஒஃபுல்ஸ் இயக்கி 1948இல் வந்த இந்தப் படத்தை நேற்று மூன்றாம் முறையாகப் பார்த்தேன். வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் நிற்கும் பொய் ரயில்பெட்டி. ஜன்னலுக்கு வெளியே வெனிஸ், சுவிட்சர்லாந்து என்று வரைந்த திரைகள் நகர்கின்றன. மறைவில் ஒரு கிழவர் மிதிக்க மிதிக்கத்தான் ஊர்களே மாறும். நாயகியின் முகத்திலோ உண்மையாகவே பயணம் போகும் மகிழ்ச்சி! ஜோன் ஃபோன்டைனை அந்தக் காட்சிக்காகவே இன்னும் பல முறை பார்ப்பேன்.

தன்னை நினைவில்கூட வைத்திராத ஒருவனுக்கு ஒரு பெண் தன் காதலைக் கடிதமாக எழுதும் இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். “அந்தக் கடிதத்தை நானே படிக்கணும்டா” என்கிறார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். ஸ்டெஃபான் ஸ்வைக் 1922இல் எழுதிய மூலக் குறுநாவலுக்கு நல்ல தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தால் பதிப்பக விவரம் சொல்லுங்கள். பழைய பிரதியானாலும் விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்.

ஜெர்மன் தெரிந்தவர்களிடம் இன்னொரு கேள்வி. மூலத்தில் அவள் காதலிக்கும் நாயகன் எழுத்தாளன்; படத்தில் பியானோ கலைஞன். கடைசியில் வரும் துவந்த யுத்தமும் படத்துக்காகச் சேர்த்ததே. எனக்கு இசைக்கலைஞன்தான் பொருத்தமாகப் படுகிறது, மூடிய கதவுக்கு வெளியே நின்றும் அவள் கேட்கலாமே. மூலத்தில் படித்த உங்களுக்கு எப்படித் தோன்றியது?

தமிழ் சப்டைட்டில் யாரிடமாவது இருந்தால் அதையும் தெரிவியுங்கள்.