பாப் ஸ்மியர்ல பிரஷ் எதுக்கு? அத்தை பயந்துபோய் இருக்காங்க

திருமங்கலம்_மருமக:
அத்தைக்கு 56 வயசு. மதுரையில ஒரு கிளினிக்ல பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ப் புத்துநோய் இருக்கான்னு பார்க்குற சோதனை) எடுத்தோம். சில வருஷம் முன்னாடி எடுத்தப்ப ஐஸ் குச்சி மாதிரி ஒரு கட்டை மட்டும்தானாம். இப்ப கட்டையோட ஒரு சின்ன பிரஷ்ஷும் உள்ள விட்டாங்களாம். வீட்டுக்கு வந்தா லேசா ரத்தக் கறை. பக்கத்து வீட்டுக்காரம்மா "சதைய வெட்டி எடுத்திருப்பாங்க"ன்னு கிளப்பிவிட்டுட்டாங்க. அத்தை ராத்திரி சாப்பிடவே இல்ல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

ஸ்டாப்நர்ஸ்_உசிலம்பட்டி:
முதல்ல அத்தைக்குச் சோத்தைப் போடு தாயி. எதையும் வெட்டல, மேலாக்க செல்லைச் சுரண்டி எடுக்குறதுதான்.

அந்தக் கட்டைக்கு ஏர் ஸ்பாட்டுலான்னு பேரு. ஏர்ங்கிற டாக்டர் 1947ல கொண்டுவந்தது. அதோட நீண்ட முனையைக் கர்ப்பப்பை வாய்த் துவாரத்துல வச்சு ஒரு முழுச் சுத்து சுத்துவோம். வெளிப்பக்கத்துச் செல்லும் உள்பக்கத்துச் செல்லும் சேர்ற ஒரு எல்லை அங்க இருக்கு. புத்துநோய் பெரும்பாலும் அந்த இடத்துலதான் ஆரம்பிக்கும். தூரம் நின்னவங்களுக்கு அந்த எல்லை உள்ள ஏறிக்கும், கட்டைக்கு எட்டாது. அதுக்குத்தான் பிரஷ். கால் சுத்து, மிஞ்சினா அரைச் சுத்து, அவ்வளவுதான். அந்த இடம் ரொம்ப மெல்லிசு, அதான் கறை. கர்ப்பிணிக்கு இந்த பிரஷ்ஷைத் தொடவே மாட்டோம்.

ஒண்ணு ரெண்டு நாள்ல கறை நின்னுரும். நிக்காம அதிகமாப் போனாலோ காய்ச்சல் வந்தாலோ திரும்பக் கூட்டிப் போ. பரிசோதனைக்கு முன்னாடியே தானா ரத்தம் பட்டிருந்துச்சான்னும் கேளு. தூரம் நின்ன பொறகு அப்படிப் பட்டிருந்தா, ரிப்போர்ட் நல்லா வந்தாலும் டாக்டர்ட்ட சொல்லியே ஆகணும்.

ஸ்லைடு_பார்ப்பவன்:
லேப்ல இருக்கேன். எந்தக் கருவில எடுத்தாலும், ஸ்லைடுல தேய்ச்ச கையோட 95 சதவீத எத்தில் ஆல்கஹால்ல போடணும். காயவிட்டா செல்லோட உருவமே மாறிரும், திரும்ப எடுக்கத்தான் சொல்லணும். இப்ப கட்டை, பிரஷ் ரெண்டோட வேலையையும் சேர்த்துச் செய்ற ப்ரூம்னு துடைப்பம் மாதிரி ஒரு பிரஷ் வந்திருக்கு. ஒரே திசையில அஞ்சு சுத்து, அப்புறம் திரவ பாட்டில்ல போட்டு அனுப்புவாங்க. அதே பாட்டில்ல ஹெச்பிவி (இந்தப் புத்துநோயை உண்டாக்குற வைரஸ்) டெஸ்ட்டும் பார்க்கலாம்.

பேரையூர்_செல்வி:
எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல குச்சியும் இல்ல, பிரஷ்ஷும் இல்ல. ஏதோ தண்ணியத் தடவிப் பார்த்து நார்மல்னுட்டாங்க. அது செல்லுமாக்கா?

ஸ்டாப்நர்ஸ்_உசிலம்பட்டி:
செல்லும் செல்வி. அது அசிட்டிக் அமிலம். ஒரு நிமிஷத்துல சந்தேகமான இடம் வெளுத்துத் தெரியும். நம்ம திண்டுக்கல் மாவட்டத்துல 30லருந்து 59 வயசுப் பொம்பளைங்களுக்கு இதைச் செஞ்சு பார்த்து, இந்தப் புத்துநோயால வர்ற சாவு 35 சதவீதம் குறைஞ்சதா 2007ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு. ஆனா கண்ணால பார்க்குற சோதனை, எல்லை உள்ள ஏறிட்டா தெரியாது. உனக்குத் தூரம் நிக்கலைன்னா கவலையில்ல. உங்க அம்மாவுக்குன்னா பிரஷ் இல்லாட்டி ஹெச்பிவி டெஸ்ட்டுதான் சரி.

திருமங்கலம்_மருமக:
அக்கா, கேட்டுட்டேன். முன்னாடி எதுவும் படலையாம். இப்பத்தான் ரெண்டு இட்லி சாப்பிட்டாங்க.