பின் இறக்கையை மாற்றியபின் ராட் எண்ட் முறிவது ஏன்?

கேள்வி:
வணக்கம். அமெச்சூர் பந்தயங்களில் ஓடும் எங்கள் ஃபார்முலா காரில் ஒற்றைத் தகட்டுப் பின் இறக்கையைக் கழற்றிவிட்டு, இரட்டைத் தகடு கொண்ட பெரிய இறக்கையைப் பொருத்தினோம். பின்புறப் பிடிப்பு கூடியிருக்கிறது. ஆனால், வேகமான வளைவுகளில் முன்புறம் திரும்ப மறுக்கிறது. பயிற்சியின்போது, பின் கீழ் விஷ்போனின் (சக்கரத்தைக் காரின் சட்டத்தோடு இணைக்கும் V வடிவக் கை) வெளிமுனையிலுள்ள ராட் எண்ட் (மரைத்தண்டோடு கூடிய கோள மூட்டு), பிரேக் பிடித்த தருணத்தில் மரைப் பகுதியில் முறிந்தும் போனது. இறக்கை காரணமா, அல்லது பாகமே தரமற்றதா?

மறுமொழி 1:
முன்புறம் திரும்ப மறுப்பதற்கு இறக்கையே காரணமாக இருக்கலாம். பின் அச்சுக்கு அப்பால் நிற்கும் இறக்கை பின் சக்கரங்களை அழுத்தும்போதே முன் சக்கரங்களின் சுமையைச் சற்றுக் குறைக்கிறது. உயரத்தில் செயல்படும் காற்றுத்தடையும் அதற்குத் துணைபோகிறது. கீழழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு உயர்வதால், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 20 கிலோ அழுத்தும் இறக்கை 160 கி.மீ. வேகத்தில் 80 கிலோ அழுத்தும். மெதுவான வளைவுகளில் கார் பழையபடி திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால் ஸ்பிரிங்குகளைத் தொடாமல் முன் இறக்கையின் கோணத்தைக் கூட்டுங்கள். அதற்கு இடமில்லையெனில் பின் இறக்கையின் கோணத்தைக் குறைப்பதே வழி.

மறுமொழி 2:
ராட் எண்டைப் பொறுத்தவரை, இறக்கையைவிட அமைப்பின் மீதுதான் எனக்குச் சந்தேகம். ராட் எண்ட் நேர்க்கோட்டு இழுவையையும் அழுத்தத்தையும் தாங்குவதற்கானது. வளைக்கும் விசைக்கு அதன் மரைத்தண்டு மிகவும் பலவீனமானது. உங்கள் புஷ்ராட் (சக்கரத்தின் அசைவை ஸ்பிரிங்குக்குக் கடத்தும் கம்பி) கீழ் விஷ்போனில் இணைந்திருந்தால், சக்கரத்தின் செங்குத்துச் சுமை முழுவதும் அந்தத் தண்டை வளைத்தபடியே விஷ்போனுக்குச் செல்லும். புதிய இறக்கை அச்சுமையைக் கூட்டியது, பிரேக் மற்றொரு திசையில் வளைத்தது. முறிந்த முகத்தில், மணலில் அலை விட்டுச்செல்லும் வரிகள் போன்ற வளைகோடுகள் தெரிந்தால், அது உலோகச் சோர்வால் மெல்ல வளர்ந்த விரிசல். அவ்வாறெனில் மறுபக்கத்துப் பாகத்தையும் நம்பாதீர்கள். விஷ்போனின் முனையில் கூடு பற்றவைத்து, அதில் கோள வடிவ பேரிங்கைப் பொருத்துவதே நிரந்தரத் தீர்வு.

மறுமொழி 3:
இறக்கையைத் தாங்கும் கால்களையும் மறக்க வேண்டாம். 1969இல் ஸ்பெயினின் மோன்ட்ஜூயிக் பந்தயத்தில் கிரகாம் ஹில், யோகன் ரிண்ட் ஆகிய இருவரின் லோட்டஸ் கார்களும் பின் இறக்கை முறிந்தே விபத்துக்குள்ளாயின; அடுத்து நடந்த மொனாக்கோ பந்தயத்திலேயே உயர்ந்த இறக்கைகளுக்குத் தடை வந்தது. பழைய இறக்கைக்கென அமைத்த கால்களிலேயே பெரியதைப் பொருத்தியிருந்தால், ஊடுருவும் சாயத்தைப் பூசி வெல்டிங் ஓரங்களில் விரிசல் இருக்கிறதா என்று சோதித்த பிறகே காரைத் தடத்தில் இறக்குங்கள்.