பூட்டிய மறுநொடியே திறந்துகொள்ளும் சென்ட்ரல் லாக்: முழு செட்டையும் மாற்ற வேண்டுமா?

கரிசல்காடு:
பேஸ் மாடல் ஹேட்ச்பேக். சென்ட்ரல் லாக் பிறகு வெளிக்கடையில் போட்டது. ரிமோட்டை அழுத்தினால் நாலு கதவும் பூட்டி, மறுநொடியே தானாகத் திறந்துகொள்கிறது. இன்ஜின் ஓடும்போது பெரும்பாலும் சரியாகவே பூட்டுகிறது. ஃப்யூஸ் சரி, ரிமோட் பேட்டரி புதுசு. யூனிட் (கட்டுப்படுத்தும் பெட்டி), நாலு கன் (கதவுக்குள் லாக்கைத் தள்ளி இழுக்கும் சின்ன மோட்டார்) எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். அவசியமா?

ஸ்பானர்மணி:
யூனிட்டுக்குள்ள ரிலே (கன்னுக்குக் கரண்டை விடற சுவிட்ச்) ஒட்டிக்கிட்டிருக்கும். செட்டா மாத்திடுங்க சார். ஒண்ணொண்ணா மாத்தினா திரும்பத் திரும்ப டோர் பேடைக் (கதவோட உள்பக்க அட்டை) கழட்டணும், கூலிதான் ஏறும்.

நேர்மின்:
ரிலே ஒட்டினால் இப்படி நடக்காது மணி அண்ணா. ஒரே திசையில் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், கன் சூடாகும், ஆனால் திரும்பித் திறக்காது. இங்கே யூனிட் ஒழுங்காகப் பூட்டுகிறது. அதன்பின் "திற" என்று அதற்கு ஒரு சிக்னல் போகிறது. அது போகக்கூடிய முதல் இடம் டிரைவர் கதவு. அங்கே இருப்பது 5 ஒயர் கன்: இரண்டு மோட்டாருக்கு, மூன்று உள்ளிருக்கும் சுவிட்சுக்கு. மற்ற மூன்று கதவிலும் 2 ஒயர்தான். கன்னின் ராடு (லாக்கைத் தள்ளும் கம்பி) கடைசிவரை போகாமல் பாதியில் நின்று பின்வாங்கினால் சுவிட்சும் பழைய பக்கத்துக்கே திரும்பும். யாரோ கையால் திறந்ததாக எடுத்துக்கொண்டு யூனிட் எல்லாக் கதவையும் திறந்துவிடும். இன்ஜின் ஓடினால் 14 வோல்ட் அளவுக்குக் கிடைக்கிறது, மோட்டார் முழுத் தூரமும் தள்ளிவிடுகிறது.

வைகைவடகரை:
அதுக்குள்ள கன்னு மேல பழி போடாதீங்க. கதவுக்கும் பில்லருக்கும் (கீல் இருக்கற தூண்) நடுவுல, ஒயர் போற ரப்பர் குழாயை, அதாவது ரப்பர் பூட்டை (boot) யாருமே பார்க்கறதில்ல. கதவு திறக்கும்போதெல்லாம் ஒயர் அங்கதான் மடங்குது. உறை வெடிச்சா உள்ள இருக்கற கம்பி பாடியில தொடும். சுவிட்ச் ஒயருங்க எர்த் கிடைச்சா வேலை செய்யற ரகம், பாடியில பட்டாலே "திற"தான். 14 வோல்ட் விஷயமும் இதுக்குப் பொருந்தும். மோட்டார் ஒயர்ல ரெண்டு மூணு இழை மட்டும் மிச்சம் இருந்தா வோல்டேஜ் இறங்கும், கன் பலமில்லாம தள்ளும்.

நேர்மின்:
இழை அறுந்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. பாடியில் தொடுவது மட்டும் இந்த அறிகுறிக்குப் பொருந்தவில்லை. அது கதவை ஆட்டும்போதும் அறைந்து சாத்தும்போதும் வரும். அசையாமல் நிற்கும் காரில் ஒவ்வொரு தடவையும் வராது. ஊகம் வேண்டாம், இரண்டு இடத்தில் பிளக்கைப் பிடுங்கினால் போதும். முதலில் டோர் பேடுக்குள் 5 ஒயர் கன்னின் பிளக். பிடுங்கிவிட்டு ரிமோட்டை அழுத்துங்கள். மற்ற மூன்று கதவும் பூட்டியபடியே நின்றால் கோளாறு டிரைவர் கதவுப் பக்கம். அப்போதும் திறந்தால் யூனிட் பக்கத்தில் அதே மூன்று சுவிட்ச் ஒயரையும் பிரித்துப் பாருங்கள். அதன்பின் நின்றால் ரப்பர் பூட்டுக்குள் ஒயர் கெட்டுப்போயிருக்கிறது. அப்படியும் நிற்கவில்லையா, மணி அண்ணா சொன்ன யூனிட்தான்.

கரிசல்காடு:
கதவு பிளக்கைப் பிடுங்கியதுமே மற்ற மூன்றும் பூட்டியபடி நிற்கின்றன.

ஸ்பானர்மணி:
சரி, யூனிட் தப்பிச்சுது. 5 ஒயர் கன்னை மட்டும் மாத்துங்க.

நேர்மின்:
அதற்கும் முன்னால் கன் ராடையும் கதவின் லாக் ராடையும் இணைக்கும் கிளாம்ப் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். லாக் நாபைத் தனியாக நகர்த்திப் பாருங்கள். இரண்டு விரலால் லேசாகப் போக வேண்டும். இறுக்கம் இருந்தால் லாட்ச் (கதவைப் பிடிக்கும் கொக்கி) கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்கிறது, புதுக் கன்னும் அங்கேயே திணறும். பிறகு கன் ராடு சுமையில்லாமல் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து சுவிட்சையும் சோதிக்கலாம். ராடு ஒரு முனையில் நிற்கும்போது பொது ஒயர் ஒன்றோடும், மறு முனையில் நிற்கும்போது இன்னொன்றோடும் மட்டுமே சேர வேண்டும். பொது ஒயர் பெரும்பாலும் கறுப்பு, ஆனால் செட்டுக்குச் செட்டு நிறம் மாறும், நிறத்தை நம்பி இணைக்காதீர்கள். எல்லாம் சரியென்றால் நாப், கன் இரண்டையும் நடுவில் நிறுத்தி ஸ்க்ரூவை முடுக்குங்கள். கன் ராடு லாக் ராடுக்கு நேர்கோட்டில் இருக்க வேண்டும், சாய்ந்தால் பலம் பக்கவாட்டில் போய்விடும். ஒரேயடியாகப் பத்துப் பதினைந்து தடவை அழுத்திச் சோதிக்க வேண்டாம். பல கன்களில் சூடானால் கரண்டைக் குறைக்கும் பாதுகாப்பு உண்டு. அப்போது நல்ல கன்னும் செத்தது போலத் தெரியும்.

வைகைவடகரை:
பிளக்கைப் பிடுங்கின சோதனை ஷார்ட் இல்லைன்னுதான் சொல்லுது. மோட்டார் ஒயர்ல இழை அறுந்திருக்கறதை அது காட்டாது. மீட்டரும் காட்டாது: சுமை இல்லாதப்போ ஒரே இழையிலயும் 12 வோல்ட் வரும், யூனிட் அனுப்பற கரண்ட் பல்ஸும் ஒரு நொடிக்குள்ள முடிஞ்சிடும், நம்பர் நிக்கறதுக்கே நேரமில்ல. பிரேக் லைட்டோட 21 வாட் பல்பை பிளக்ல ரெண்டு மோட்டார் ஒயருக்கும் நடுவுல கொடுத்து ரிமோட்டை அழுத்துங்க. வேற கதவு பிளக்லயும் அதே பல்பைப் போட்டு ஒப்பிடுங்க. இங்க மங்கலா மின்னினா ரப்பர் பூட்டைப் பிரிக்கணும்.

நேர்மின்:
பல்பு சோதனை சரியானது. ராடை முடுக்குவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.

ஸ்பானர்மணி:
ஒயர் அறுந்திருந்தா சால்டர் வெச்சு டேப் சுத்தினா முடிஞ்சுது. லாட்சுக்கு டபிள்யூடி-40 அடிங்க, போதும்.

வைகைவடகரை:
ரப்பர் பூட்டுக்குள்ள சால்டர் வேண்டவே வேண்டாம் அண்ணே. சால்டர் ஏறின இடம் விறைச்சுப் போகும், அதை ஒட்டியே மறுபடி அறும். கதவை முழுசா திறந்து வெச்சு அளவெடுத்து, மடங்கற பகுதி முழுக்கப் புது ஒயர் போடுங்க. ஒரு இணைப்பு கதவுக்குள்ள, இன்னொண்ணு கேபினுக்குள்ள. கிரிம்ப் பண்ணி (உலோகக் குழலை நசுக்கி இணைச்சு) ஹீட் ஷ்ரிங்க் (சூட்டுல சுருங்கற உறை) போடுங்க. டபிள்யூடி-40 பழைய கிரீஸைக் கழுவ நல்லது, ஆனா அந்தப் படலம் நிக்காது. துடைச்சுட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் வைக்கணும். பேடை மாட்டும்போது உள்ள இருந்த பிளாஸ்டிக் ஷீட்டைத் திரும்ப ஒட்டுங்க, இல்லேன்னா மழைத்தண்ணி பேடுக்கும் தரைக்கும் இறங்கும்.

ஸ்பானர்மணி:
கிரீஸ் சரி. சால்டர் விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். மடங்காத இடத்துல சால்டர்தான் கெட்டி, மலிவு கிரிம்பைவிட நிக்கும்.

வைகைவடகரை:
மடங்காத இடத்துல வெச்சுக்கோங்க அண்ணே, ரப்பர் பூட்டுக்குள்ள மட்டும் வேண்டாம்.