'மதர் லவ்' கடைசிச் சரணம்: உங்களுக்கும் இப்படி ஆனதுண்டா?

கேசட்காலம்:
பிரிட்டிஷ் ராக் குழுவான குயின், பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் குரலோடு வெளியிட்ட கடைசி ஆல்பம் 'மேட் இன் ஹெவன்' பற்றி இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. போன வாரம் காரில் அதிலுள்ள 'மதர் லவ்' பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் இருந்த மகள் திடீரென்று, "முன்னாடி பாடினவர் எங்கப்பா போனார்?" என்றாள். கடைசிச் சரணத்தில் ஃப்ரெடியின் குரல் போய் கிதார் கலைஞர் பிரையன் மேயின் குரல் வருகிற இடம். சிக்னலில் நின்றுகொண்டு என்ன சொல்வது? 1991 மே மாதம், சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ ஸ்டுடியோ. நோயால் நடக்கவே சிரமப்பட்ட ஃப்ரெடி, பாட்டின் நடுவில் குரல் இன்னும் உச்சத்துக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்து, வோட்காவை ஊற்றிக்கொண்டு எழுந்து நின்று பாடியிருக்கிறார். மிச்சத்தை அப்புறம் பாடுகிறேன் என்று போனவர், நவம்பர் 24 அன்று இறந்தே போனார். பிரையன் அவர் மாதிரி பாட முயலவே இல்லை. தன் மெல்லிய குரலிலேயே முடித்துவிட்டார். அதைத்தான் அவள் பிடித்துவிட்டாள். "அவருக்கு உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னேன். இன்னும் உறுத்துகிறது.

ஊசிமுனை:
உருக்கம் எல்லாம் சரி. ஆனால் 'மேட் இன் ஹெவ'னைக் கடைசி ஆல்பம் என்று எப்படி ஒப்புக்கொள்வது? தலைப்புப் பாட்டும் 'ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ'வும் 1985-இல் ஃப்ரெடி தனியாகப் போட்ட ஆல்பத்தில் இருந்தவை. 'ஹெவன் ஃபார் எவ்ரிஒன்' குயினின் டிரம்மர் ரோஜர் டெய்லரின் இன்னொரு குழுவுக்குப் பாடியது. 1995-இல் மற்ற மூவரும் ஒட்டுப்போட்டு வெளியிட்டார்கள். நாலு பேரும் கூடி உட்கார்ந்து முடித்தது 1991 பிப்ரவரியில் வந்த 'இன்யுவெண்டோ'தான். அதன் தலைப்புப் பாட்டில், இடி மாதிரி போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று எல்லாம் அடங்கி, ஸ்பானிஷ் கிதார் நுழையுமே! 'யெஸ்' குழுவின் ஸ்டீவ் ஹௌ விருந்தாளியாக வந்து வாசித்தது. கல்லூரி விடுதியில் முதன்முறை அதைக் கேட்டபோது வேறு ஏதோ கேசட் கலந்துவிட்டது என்று பிளேயரை அணைத்தே விட்டான் என் அறைத்தோழன்.

பெர்ன்வாசி:
ஊசிமுனை அண்ணை, ஒட்டுப்போட்டது என்று சொல்ல முதல் ஒருக்கால் மான்ட்ரோவுக்கு வாருங்கோ. ஏரியைப் பார்த்துக் கையை உயர்த்தி நிற்கிற ஃப்ரெடி சிலையோடு எல்லாரும் படமெடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்தில் கசினோவுக்குள் அந்தப் பழைய ஸ்டுடியோ இருக்கிறது, இலவசம்தான். மிக்ஸிங் மேசையில் நாமே பாட்டைக் கூட்டிக் குறைக்கலாம். நான் டிரம்ஸைக் கீழே இறக்கினேன், கிதாரை இறக்கினேன், கடைசியில் குரல் மட்டும். வரிக்கு முன்னால் அவர் மூச்செடுக்கிற சத்தம் வந்தது. பின்னால் நின்ற ஜெர்மன்காரர் தன் முறைக்காகச் செருமிக்கொண்டே இருந்தார், நான் நகரவில்லை.

தலையணிகருவி:
என் அனுபவம் சின்னது: பாதி ராத்திரியில் 'மதர் லவ்' முடிவில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டு, பக்கத்து வீடு என்று நினைத்து ஜன்னலைத் திறந்தேன். அவ்வளவுதான்.

ஆனால் புதிதாகக் கேட்பவர்களுக்குச் சில விஷயம். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அந்த அழுகைக்கு முன்னால் 1986 லண்டன் வெம்ப்ளி கச்சேரிக் கூட்டம் ஃப்ரெடியோடு சேர்ந்து கத்துவதும், குயினின் முதல் ஆல்பம் வருவதற்கு முன்பே அவர் பாடிய 'கோயிங் பேக்' துணுக்கும் அதில் காணாமல் போகும். 'இன்யுவெண்டோ'வை 1991 எல்.பி. இசைத்தட்டில் வாங்குவதாக இருந்தால் யோசியுங்கள், ஒரே தட்டில் இடம் போதாமல் சில பாடல்களைக் குறைத்திருப்பார்கள். சி.டி.யில் முழுசாக இருக்கும். 'மேட் இன் ஹெவன்' சி.டி.யின் கடைசியில் பெயரில்லாத 22 நிமிடச் சமாச்சாரம் ஒன்று வரும். பாட்டு வரும் என்று காத்திருக்காதீர்கள், வராது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபடி கேட்கலாம். முதலில் 'இன்யுவெண்டோ', மறுநாள் இது, ஒரே மூச்சில் இரண்டும் வேண்டாம். வண்டி ஓட்டும்போது வேண்டவே வேண்டாம்.

கேசட்காலம்:
யாருக்கு அய்யா அறிவுரை? மகள் கேள்விக்குப் பதில் கேட்டால் சி.டி. வாங்கச் சொல்கிறீர்களே.

ஊசிமுனை:
'ஷோ மஸ்ட் கோ ஆன்' என்று முடிகிற ஆல்பத்துக்கு மேல் இன்னொன்று எதற்கு? பெர்ன்வாசி, அந்த மூச்சுச் சத்தம் எந்த வரிக்கு முன்னால் வருகிறது, அதை மட்டும் சொல்லுங்கள்.