78 வயதில் சினைப்பைப் புற்றுநோய்: அம்மாவிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்

அம்மாவுக்கு அப்போது 78. வயிறு உப்பலாக இருக்கிறது, இரண்டு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது என்று நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாயுத் தொல்லை என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்ததை வயதின் கணக்கில் எழுதிவிட்டோம். முகம் மெலிந்து வயிறு மட்டும் பெருத்தபோதுதான் ஸ்கேனுக்குப் போனோம். வயிற்றில் நீர் கோத்திருந்தது. சிஏ 125 ரத்தப் பரிசோதனையில் 35-க்குள் இருக்க வேண்டிய அளவு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. பயாப்சியில் சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை என்று வந்தது. பெரும்பாலானவர்களுக்கு இந்த நிலையிலோ நான்காம் நிலையிலோதான் தெரியவருகிறதாம். முன்கூட்டியே பிடிக்க நம்பகமான பரிசோதனையும் இல்லை. ஆனாலும் அந்த நான்கு மாதம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

முதலில் பார்த்த மருத்துவர், “இந்த வயதில் பெரிய ஆபரேஷன் தாங்காது. கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்து மட்டும் கொடுக்கலாம்” என்றார். உண்மையைச் சொன்னால், எங்களுக்கு அது நிம்மதியாக இருந்தது. அம்மாவை வாட்டாமல் ஏதோ செய்கிறோம் என்ற நினைப்பு. பக்கத்து நாற்காலியில்தான் அம்மா உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தங்கை பிடிவாதமாக இன்னொரு மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அவர் முதல் அரை மணி நேரம் புற்றுநோயைப் பற்றிப் பேசவே இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பார்த்தார். மூன்று சொற்களைச் சொல்லிவிட்டு, ஒரு கடிகாரம் வரையச் சொல்லி, பிறகு அந்தச் சொற்களைத் திருப்பிக் கேட்டார். தினமும் எத்தனை மாத்திரை, சமீபத்தில் கீழே விழுந்தீர்களா, எடை எவ்வளவு குறைந்தது, குளிக்க யார் உதவுகிறார்கள் என்று எல்லாம் அம்மாவிடமே கேட்டார். ஜி8 என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 17-க்கு 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் முழு முதியோர் மதிப்பீடு செய்ய வேண்டும். அம்மாவுக்கு 12.

சரி, இவரும் கார்போபிளாட்டின் மட்டும் என்றுதான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் 2021-இல் வெளியான ஈவாக்-1 ஆய்வைப் பற்றிச் சொன்னார். 70 வயதும் அதற்கு மேலும் ஆன, உடல் தளர்ந்த 120 பெண்களை மூன்று குழுவாகப் பிரித்துச் சிகிச்சை கொடுத்திருக்கிறார்கள். கார்போபிளாட்டின் மட்டும் பெற்றவர்கள், பாக்லிடாக்செல் என்ற இன்னொரு கீமோ மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தார்கள். அதனால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். அம்மாவுக்கு நாங்கள் தேர்ந்தெடுக்க இருந்தது அதே சிகிச்சை. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

முதலில் மூன்று சைக்கிள் கீமோ, பிறகு ஆபரேஷன், மறுபடி மூன்று சைக்கிள் என்று முடிவானது. இரண்டு மருந்துகளையும் சிறு அளவுகளாக வாராவாரம் கொடுத்தார்கள். கார்போபிளாட்டின் அளவைச் சிறுநீரகம் வேலை செய்யும் திறனை வைத்துக் கணக்கிடுகிறார்கள். சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும், அதனால் வயதானவர்கள் வலிக்காக விழுங்கும் மாத்திரைகளைக்கூட மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே புரதம் கூட்டிய உணவு, தினமும் நடை, மூச்சுப் பயிற்சி எல்லாம் தொடங்கிவிட்டோம்.

ஆபரேஷன் முடிந்து இரண்டாம் இரவு அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. சுவரில் யாரோ நிற்கிறார்கள் என்று டியூபைப் பிடுங்கப் பார்த்தார். வயதானவர்களுக்கு அறுவைக்குப் பிறகு வரும் மனக்குழப்பம் இது, பெரும்பாலும் தெளிந்துவிடும் என்று நர்ஸ் சொல்லித்தான் எனக்கு உயிர் வந்தது. கண்ணாடியையும் காது மிஷினையும் உடனே போட்டுவிட்டோம். கண்ணில் படும்படி கடிகாரம் வைத்தோம். பகலில் வெளிச்சம், இரவில் இருட்டு, பக்கத்தில் தெரிந்த முகம். நான்காம் நாள், “ஏன்டா தூங்கலையா?” என்று கேட்டார்.

அப்புறம் ஒரு விஷயம். ஐந்தாவது சைக்கிளில் அம்மா சட்டைப் பொத்தான் போட முடியாமல் திணறுவதைத் தற்செயலாகப் பார்த்தேன். விரல்களும் பாதங்களும் மரத்துப்போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து மறைத்திருக்கிறார். பாக்லிடாக்செலின் பக்கவிளைவு அது. உடனே அளவைக் குறைத்தார்கள், ஆனால் மரத்தது முழுவதும் திரும்பவில்லை. மரத்த காலோடு நடந்தால் தடுக்கி விழும் ஆபத்து அதிகம். வாராவாரம் நீங்களே கேளுங்கள்: பொத்தான் போட முடிகிறதா, செருப்பு கழன்றால் தெரிகிறதா?

*

மேலே எழுதியதைப் படித்தேன். எனக்கு 73. எனக்கும் இதே புற்றுநோய், நோயாளி நானே. கீமோவுக்கு முன் கொடுக்கும் ஸ்டீராய்டு எனக்குச் சர்க்கரையை ஏற்றி, இரண்டு இரவு தூக்கத்தையும் பறித்தது. சர்க்கரை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்தப் புற்றுநோய் பரம்பரையாக வரக் காரணமாகும் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் பிராக்கா (BRCA) மரபணுப் பரிசோதனையை “இந்த வயதில் எதற்கு?” என்று என் பிள்ளைகள் தட்டப் பார்த்தார்கள். நான்தான் செய்யச் சொன்னேன். மாற்றம் இருந்தது. அதனால் அந்த மாற்றம் உள்ளவர்களுக்குப் பலன் தரும் ஒலாபரிப் மாத்திரை எனக்குக் கிடைத்தது, என் மகளும் தன்னைப் பரிசோதித்துக்கொண்டாள்.

*

நான் இன்னொருவர். என் அத்தைக்கும் இதே நோய், அப்போது வயது 86. இதயமும் பலவீனம். இரண்டு சைக்கிள் முடிந்ததும், “போதும், எனக்கு வீட்டில் இருக்க வேண்டும்” என்றார். தெளிவாகச் சொன்னார். மருத்துவர்களும் மதித்தார்கள். வலிநிவாரணக் குழு வீட்டுக்கே வந்தது. வயிற்றில் நீர் சேரும்போதெல்லாம் வடிக்க ஒரு சிறு குழாய் பொருத்தினார்கள், மூச்சு வாங்குவது குறைந்தது. ஐந்து மாதம் இருந்தார். முன்னே எழுதியவரின் அம்மாவுக்குக் கிடைத்ததை அத்தைக்குக் கொடுக்காமல் விட்டுவிட்டோமோ என்று படிக்கும்போது நெஞ்சு அடைத்தது.

*

இல்லை, அப்படி நினைக்காதீர்கள். உங்கள் அத்தையிடம் கேட்டீர்கள். எங்கள் அம்மாவிடம் நாங்கள் கேட்கவே மறந்திருந்தோம்.

அம்மாவுக்கு இப்போது 80. அடுத்த ரத்தப் பரிசோதனை வியாழக்கிழமை. காலண்டரில் தன் கையாலேயே குறித்து வைத்திருக்கிறார், எழுத்து கொஞ்சம் கோணலாக.